நம் வீட்டு ழ

ஜனவரி 12

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இது உன் வீட்டுக்காரன் தன் சொந்தக் கையால் எழுதுவது. நின்றுகொண்டு படித்தால் முதலில் எங்காவது உட்கார். நான் இங்கே சுகம். நீயும், மகளும், மருமகனும், புதிதாக வந்திருக்கும் குட்டி மகாராணியும் சுகம்தானே?

இந்த நாலு வரிக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுவதும் போய்விட்டது. பரவாயில்லை, பேத்தி பிறந்த வீட்டுக்கு நீ போனதிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகத்தான் கிடக்கின்றன.

எப்படி என்று கேட்பாய். நூலகத்தின் பின்னறையில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள். நீ ரயில் ஏறின வாரமே போய்ச் சேர்ந்துவிட்டேன். வேறு என்ன செய்வது? உன் காது இப்படி ஆனபிறகு போனில் நான் கத்தினால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், உனக்கு மட்டும் கேட்பதில்லை. நீ போய் இறங்கின மறுநாளே "சாப்ட்டியா?" என்று கேட்டேன். "ஆமாங்க, இங்கயும் மழைதான்" என்றாய். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மோட்டார் கட்டுகிற நம் சுருட்டையும் கூட வந்தான். தலையில் ஒரு முடிகூட இல்லாதவனை இன்னமும் சுருட்டை என்று கூப்பிடுகிறோமே, அவன்தான். ஔ வரைக்கும் வந்தான். "இதுக்கு மேல போனா எனக்குக் காயில் கருகிடும்பா" என்று சொல்லிவிட்டு ஓடினவன்தான். நான் விடவில்லை. கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, சோப்பு உறை எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டே நடக்கிறேன். ஊரே என்னோடு பேசுகிறது, வாயாடி ஊர்.

வேலைக்குக் குறைவில்லை. ஒரு பெரிய ஹோட்டலின் முன்கூடத்தில் பழைய காலத்து வேக்யூம் கிளீனர்களை வரிசையாக வைக்கப் போகிறார்களாம். பரணிலும் கிடங்கிலும் கிடந்த மெஷின்களை முதலாளியம்மா மூட்டை மூட்டையாக வாங்கி வந்திருக்கிறார். துரு, களிம்பு, எலிக்கூடு. ஓட வைப்பது சுருட்டை, மின்ன வைப்பது நான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறாயே, உன் வயிற்று வழி இப்போது எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது. மெதுவாக எழுது, நான் மெதுவாகத்தான் வாசிப்பேன்.

இப்படிக்கு,
இனிமேல் கைநாட்டு இல்லாத உன் வீட்டுக்காரன்


ஜனவரி 25

என்னங்க,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். உங்கள் நலத்தை உங்கள் எழுத்திலேயே பார்த்துவிட்டேன், இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

யாரோ எழுதிக் கொடுத்தது என்றுதான் முதலில் நினைத்தேன். தாளின் மூலையைப் பார்த்தேன். அலுமினியக் கறுப்போடு உங்கள் கட்டைவிரல் அப்படியே பதிந்திருந்தது. கையெழுத்துப் போட்ட பிறகும் கைநாட்டை விடவில்லையே நீங்கள். மகள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "ஏம்மா அழுற?" என்று கேட்டிருக்கிறாள். சிரிக்கிறேன் என்று சொன்னேன்.

எட்டாவது வரை படித்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். வயிற்று வழி இல்லை, வயிற்று வலி. வழி என்றால் போகிற பாதை. நோவுக்குச் சின்ன ல போட வேண்டும். வளி என்று ஒன்றும் இருக்கிறது, அது காற்று. உங்கள் மெஷின் இழுப்பது வளி. எனக்கு இருந்தது வலி. நீங்கள் இங்கே வரப் பிடிக்க வேண்டியது வழி. மூன்றையும் பத்துத் தடவை எழுதிப் பாருங்கள்.

அதுவும் இப்போது பெரிதாக இல்லை. பேத்தி ராத்திரியும் பகலும் தெரியாமல் முழித்திருக்கிறாள். அவள் அழுவது எனக்குக் கேட்காது என்பதால் அவள் தொட்டில் கயிற்றின் ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறேன். உதைத்தால் இழுக்கும். எழுந்துகொள்வேன்.

மார்பில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள். மெருகு போடுகிற சக்கரத்தின் தூசி நெஞ்சில் கட்டிவிடும்.

உங்கள்,
டீச்சரம்மா


பிப்ரவரி 9

டீச்சரம்மாவுக்கு உங்கள் கடைசி பெஞ்சு மாணவனின் வணக்கம்.

இங்கே நான் சுகம், நெஞ்சும் சுகம். எண்ணெய் தேய்த்தேன். நீங்கள் எல்லோரும் சுகம்தானே? தொட்டில் கயிற்றைக் கையில் கட்டிக்கொள்கிறாய் என்பதைச் சுருட்டையிடம் சொன்னேன். "உன் பெண்டாட்டி கரண்டு இல்லாமலே காலிங் பெல் வச்சிருக்காப்பா" என்றான்.

மூன்றையும் பத்துத் தடவை எழுதினேன். ஆனால் ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே. நோவுக்குச் சின்ன ல எனக்கு ஒத்துவரவில்லை. அந்த ல ஏதோ சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. அதற்கு என்ன நோவு? ழ-வைப் பார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சுருண்ட ஆள் மாதிரியே இல்லையா? கைக்குத் தானாக அதுதான் வருகிறது. நூலகத்தம்மாவிடம் சொன்னேன். "ஐயா, இலக்கணத்தை ஓவியம் மாதிரி படிக்கிறீங்களே" என்று சிரித்தார்.

இப்போது என் கையில் இருக்கும் மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமாக, உருண்டையாக, அடியில் இரண்டு சறுக்குக் கட்டையோடு இருக்கும். முன்மூக்கு ரயில் இன்ஜின் மாதிரி. அது வார்ப்பு அலுமினியம். முதலில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பிசுக்கை எடுத்தேன். பிறகு தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாள். சொரசொரப்பான தாளில் தொடங்கி, கன்னத்தில் தேய்த்தாலும் தெரியாத தாள் வரைக்கும். அப்புறம்தான் துணிச் சக்கரம். சக்கரத்தின் கீழ்ப்பாதியில்தான் காட்ட வேண்டும். கொஞ்சம் மேலே போனாலும் பிடுங்கிச் சுவரில் அடித்துவிடும். கடைசியில் மாவு தூவித் துடைக்கிறேன், மிச்சப் பிசுக்கை மாவு இழுத்துக்கொள்கிறது. அவ்வளவுக்குப் பிறகும் துடைத்தால் துணி கறுக்கத்தான் செய்யும். சுருட்டை கேட்டான், "இன்னுமா அழுக்கு போகல?" அது அழுக்கில்லை, அலுமினியமே அப்படித்தான்.

அதன் கைப்பிடியும் சறுக்குக் கட்டைகளும் மட்டும் பித்தளைமேல் நிக்கல் பூசினவை. போன வாரம் ஒரு குழாயில் கொஞ்சம் அழுத்திவிட்டேன், நிக்கல் போய் அடியில் பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்த்தது. முதலாளியம்மா பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, மெஷினுக்கு மஞ்சள் காமாலை வர வச்சிட்டீங்களா?" என்றார். ஒரு நாள் பூராவும் எனக்கு அதே பேர்தான், காமாலை டாக்டர்.

உன் வழி எப்படி? (எழுதிவிட்டேன், அடிக்க மனசில்லை.)

இப்படிக்கு,
அடங்காத மாணவன்


மார்ச் 4

என்னங்க,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எல்லோரும் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

நீங்கள் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறேன். போன வாரம் ஒரு நாள் கட்டிலில் நான் அந்த ழ மாதிரியேதான் கிடந்தேன். உடனே உங்கள் ஞாபகம் வந்தது. அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. மகள் பயந்துபோனாள். அதனால் தீர்ப்பு இதுதான். ஊருக்கு எப்படியோ இருக்கட்டும், நம் வீட்டில் இனி வயிற்றுக்கு வந்தால் வழிதான். நானும் அப்படியே எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு டீச்சர் உயிரோடு இருந்தால் என்னை முட்டி போட வைப்பார்.

என் வழி இந்த வாரம் கொஞ்சம் அதிகம். டாக்டர் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். சும்மாதான். மகளுக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம். சின்ன வயதில் பென்சில் முனை உடைந்தாலே அழுவாளே, அவள்தானே.

பேத்திக்கு உங்கள் புருவம். கோபம் வந்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. பார்க்க வேண்டும் நீங்கள்.

அந்த ரயில் மூக்கு மெஷினைப் பற்றி இன்னும் எழுதுங்கள். படிக்கும்போது கடையிலேயே ஒரு ஓரமாக நிற்கிற மாதிரி இருக்கிறது.

உங்கள்,
தோற்றுப்போன டீச்சரம்மா


மார்ச் 13

அன்புள்ளவளே,

சுகமா என்று வழக்கமாகக் கேட்கிற மாதிரி இந்தத் தடவை கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன். படம் எடுத்தார்களா? என்ன சொன்னார்கள்?

மகளுக்கு இரண்டு தடவை போன் போட்டேன். "பார்த்துக்கிட்டிருக்கோம்பா. அம்மாவே உங்களுக்கு எழுதுறேன்னு சொல்லியிருக்காங்க" என்கிறாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க முடியவில்லை. பிடிவாதத்தில் அவள் உன்னைத்தான் கொண்டிருக்கிறாள். புருவத்தைத்தான் எனக்கு விட்டுவைத்தீர்கள்.

நான் வரட்டுமா? ஹோட்டல் வேலை மே மாத நடுவில் முடிய வேண்டும். முதலாளியம்மா தினமும் வந்து நாள்காட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். அதெல்லாம் கிடக்கட்டும். நீ ஒரே ஒரு வார்த்தை எழுது, சக்கரத்தை நிறுத்திவிட்டு ரயில் ஏறிவிடுகிறேன். ரயில் மூக்கைச் சுருட்டை பார்த்துக்கொள்வான். அவன் தேய்த்தால் மூக்கு சப்பையாகிவிடும், போகட்டும்.

நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும். எனக்கு இப்போது வாசிக்கத் தெரியும்.

உடம்பு பத்திரம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 3

என்னங்க,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டார். வழி இல்லை. இனி ஊசி, மருந்து ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போய் மனசுக்குப் பிடித்ததைச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார். நல்ல மனிதர். எனக்குக் காது கேட்காது என்பதால் தாளில் எழுதிக் காட்டினார். டாக்டர் எழுத்து யாருக்கும் புரியாது என்பார்கள், அவர் எழுத்து அச்சு மாதிரி இருந்தது.

ஒரு வார்த்தை எழுது என்றீர்கள். இரண்டாக எழுதிவிட்டேன். இனி உங்கள் விருப்பம். வேலையை நடுவில் விட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது என்றும் எனக்குத் தெரியும்.

பேத்தி இன்று குப்புற விழுந்தாள்.

உங்கள்


ஏப்ரல் 10

என் டீச்சரம்மாவுக்கு ஆயிரம் வணக்கம்!

சுகம், சுகம், சுகம். மூன்று தடவை எழுதிவிட்டேன்.

வழி இல்லை! அதுவும் நம் வீட்டு ழ போட்டு எழுதியிருக்கிறாய்! கடிதத்தைச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்று பிரித்தேன். எழுத்துக்கூட்டி அந்த இரண்டு வார்த்தைக்கு வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? மெஷின் ஓடுகிறது என்பதையும் மறந்து, "சுருட்டை! இல்லியாம்டா! அவளுக்கு வழி இல்லியாம்!" என்று கத்தினேன். அவன் முகம் வெளுத்து, "என்னப்பா இதைப் போய்ச் சிரிச்சுக்கிட்டுச் சொல்ற?" என்றான். அப்புறம்தான் நம் வீட்டு இலக்கணத்தை அவனுக்கு விளக்கினேன். "புருஷன் பொண்டாட்டிக்குன்னு தனியா ஒரு எழுத்தா? நல்லா இருங்கப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டான். அடிக்க வழுக்கை வாகாக இருக்கிறது அவனுக்கு.

கடையில் எல்லோருக்கும் என் கணக்கில் டீ. முதலாளியம்மாகூட நின்று குடித்தார். மருந்தே வேண்டாம் என்று அனுப்பிவிட்டாரே, அந்த டாக்டர் கை பொன்னாக விளங்கட்டும். பிடித்ததைச் சாப்பிடு. நன்றாகச் சாப்பிடு. என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

ஒரு மாதமாக நெஞ்சில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. இரண்டு வார்த்தையில் எடுத்து எறிந்துவிட்டாய். இனி பதற்றம் இல்லாமல் வேலையை முடிக்கிறேன். ஹோட்டலில் மெஷின்களை வைத்து முடித்த மறுநாளே ரயில். ரயில் மூக்கு இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? குனிந்தால் என் முகம் முழுசாகத் தெரிகிறது. நேற்று அதில் பார்த்தேன். கிழவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நீ வரும்போது உன்னையும் அதன் முன்னால் நிறுத்திக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தரையில் கால் பாவாத உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 26

என்னங்க,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தத் தடவை தப்பு ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

என்ன சாப்பிட்டேன் என்று கேட்டீர்கள். மகள் கேட்டதையெல்லாம் செய்து தருகிறாள். கொஞ்சம்தான் இறங்குகிறது.

பென்சிலால் எழுதுகிறேன், அழுத்த வேண்டியதில்லை அல்லவா. நீங்கள் பெரிய எழுத்தாக எழுதினால் எனக்குச் சௌகரியம். ரயில் மூக்கில் உங்கள் முகம் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கும் தெரிந்தது.

வேலை முடிந்ததும் வாருங்கள். முடிந்தால் கொஞ்சம் முன்னாலேயே வாருங்கள்.

உங்கள்


மே 4

அன்புள்ளவளே,

நான் சுகம். உன் கடிதத்தைப் பார்த்ததும் எழுத்து இத்தனை வெளிறிப்போயிருக்கிறதே என்று ஜன்னலருகே கொண்டுபோய் வாசித்தேன். மகளிடம் நல்ல பேனா ஒன்று வாங்கித் தரச் சொல்லு. அவளுக்கு நேற்று போன் போட்டேன், எடுக்கவில்லை. இன்றைக்கும் எடுக்கவில்லை. பிள்ளைக்காரி, கை ஒழியாது.

நீ கேட்டபடியே பெரிதாக எழுதுகிறேன். அதனால் இந்தக் கடிதம் சின்னது.

முன்னாலேயே வா என்றாய். முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். பதினாறுக்கு இருந்த டிக்கெட்டைப் பதிமூன்றுக்கு மாற்றியாயிற்று. இன்னும் இரண்டு சறுக்குக் கட்டைதான் பாக்கி.

ஏதோ ஒன்று எனக்குப் புரியாமல் இருக்கிறது. எழுத்துத் தெரிகிறது, ஆனாலும் புரியவில்லை. நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

பத்திரம்.

உன் வீட்டுக்காரன்


மே 6

அப்பா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீங்களும் விசாரிக்க வேண்டாம்.

போனில் பேசினால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் எடுக்காமல் இருந்தேன். இப்போது அதையே எழுதுகிறேன். உங்களுக்கு எப்படியப்பா மனசு வந்தது? அம்மா உங்களுக்கு எழுதி ஒரு மாதம் ஆகிறது. நான் போனில் சொல்கிறேன் என்றேன். "வேண்டாம், அவருக்கு நானே எழுதணும், அவர் என் எழுத்துலதான் படிக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தார். எழுதி, தபாலிலும் போட்டார். அடுத்த ரயிலில் வந்துவிடுவீர்கள் என்று உங்களுக்குக் கட்டில்கூடப் போட்டுவைத்தேன். நீங்கள் வரவில்லை. ஒரு கடிதம் வந்தது. அதை வாங்கிப் படித்துவிட்டு அம்மா அன்றைக்கெல்லாம் சிரித்த முகமாக இருந்தார். எனக்குக் காட்டவில்லை. "அப்பா எப்ப வர்றார்?" என்று எழுதிக் காட்டினேன். "வேலை முடிஞ்சதும்" என்றார்.

டாக்டர் கைவிட்ட பெண்டாட்டியைவிட இரும்பைத் தேய்ப்பது பெரிதா? நான் இப்படிக் கேட்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. அவருக்கு இப்போது எதையும் அதிக நேரம் பார்க்க முடிவதில்லை. டாக்டர் நாள் கணக்கில் சொல்கிறார்.

நாளைக்கே கிடைக்கட்டும் என்று இதைக் கூரியரில் போடுகிறேன். வருவதானால் இப்போதே வாருங்கள்.

உங்கள் மகள்


மே 9, உன் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து

அன்புள்ளவளே,

நீ தூங்குகிறாய். முழித்ததும் படிக்கப் பெரிய எழுத்தில் எழுதிவைக்கிறேன். ஒரே அறையில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறவன் நானாகத்தான் இருப்பேன். சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மகளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். முதலில் நம்பவில்லை. நீ பெட்டியில் வைத்திருந்த என் கடிதங்களை எடுத்துக் காட்டினேன். ல-வும் ழ-வும் இருக்கிற இடத்தையெல்லாம் விரல் வைத்துக் காட்டினேன். வாசலில் போய் நின்று அழுதாள். பிறகு வந்து, "ஒரு எழுத்தாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நான் டீ வாங்கிக் கொடுத்தேன், சிரித்தேன், தரையில் கால் பாவவில்லை என்றெல்லாம் எழுதினேனே. நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று உனக்கு அப்போதே தெரியும். சின்னத் தப்பைக்கூடத் திருத்துகிறவள், இதை ஏன் திருத்தவில்லை?

இதன் அடியிலேயே எழுது. பென்சில் வலது பக்கம் இருக்கிறது.

*

வந்துவிட்டீர்கள். மெலிந்திருக்கிறீர்கள்.

நான் பாதை என்ற அர்த்தத்தில்தான் எழுதினேன். நம் வீட்டு எழுத்தைப் பற்றி அப்போது நினைவே வரவில்லை. உங்கள் பதில் வந்த பிறகுதான் தெரிந்தது. திருத்தத்தான் பேனாவை எடுத்தேன். இவ்வளவு சந்தோஷமான கடிதம் வாழ்க்கையில் எனக்கு யாரும் எழுதியதில்லை. அதில் எந்த எழுத்தை அடிப்பது?

கோபமா?


ஜூன் 2

அன்புள்ள சுருட்டைக்கு,

இதைக் கணக்கு எழுதுகிற அக்காவிடம் கொடுத்து வாசிக்கச் சொல். நடுவில் நீ பேசாதே, அவருக்கு வரி தப்பிவிடும். உனக்கும் உன் வீட்டிலும் எல்லோருக்கும் சுகம்தானே? இங்கே மகளும் பேத்தியும் சுகம். நானும் சாப்பிடுகிறேன், நடக்கிறேன்.

நீ போனில் கேட்டபோது என்னால் பேச முடியவில்லை. எழுதினால் மெதுவாகச் சொல்லலாம்.

நான் வந்த பிறகு அவள் பத்து நாளுக்கு மேல் இருந்தாள். கோபமா என்று கேட்டு எழுதியிருந்தாள். இல்லை என்று எழுதினேன். பொய் இல்லை, சுருட்டை. அவள்மேல் கோபம் வரவில்லை. எங்கே வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. துணிச் சக்கரத்தில் பிடி நழுவினால் பொருள் எந்தப் பக்கம் பறக்கும் என்று தெரியாதே, அந்த மாதிரி.

பகலில் நாங்கள் எழுதி எழுதிப் பேசிக்கொண்டோம். அவள் எழுதினது கொஞ்சம், நான் எழுதினது அதிகம். கல்யாணமானதிலிருந்து நான் அவளிடம் இவ்வளவு பேசினதில்லை. உன்னைப் பற்றியும் எழுதினேன். ஔ-வைப் பார்த்து நீ ஓடின கதையை மறுபடி கேட்டாள். முதலாளியம்மா மெஷினுக்குக் காமாலை என்று சொன்னதையும் எழுதச் சொன்னாள். சிரித்தால் அவளுக்கு நோகும், அதனால் உதட்டை மட்டும் விரிப்பாள்.

நாளாக ஆகக் கண்ணும் மங்கிவிட்டது. அவள் படிக்க வேண்டுமே என்று நான் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். முதலில் ஒரு தாளில் பத்து வரி, பிறகு நாலு வரி. தாள் தீர்ந்தது. மருமகன் பழைய நாள்காட்டியைப் பிரித்துக் கொடுத்தார், அதன் பின்பக்கத்தில் எழுதினேன். கடைசி இரண்டு நாளில் ஒரு தாளுக்கு ஒரு வார்த்தைதான். கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டுவேன். படித்ததும் கண்ணை மூடித் திறப்பாள். அப்படியென்றால் அடுத்த தாள் என்று அர்த்தம்.

அவள் போனது ஒரு காலை நேரம். நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது. மூச்சு மாறினது மகளுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவள் பயந்துபோய், "அம்மா, அம்மா" என்று கத்த ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்குக் கேட்காது என்பதையும் மறந்து, காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள். பாவம், பிள்ளை.

அவள் கண் திறந்திருந்தது. எங்களைத் தேடுகிற மாதிரி இருந்தது. நான் கத்தவில்லை. கத்தி என்ன பயன்? தாளை எடுத்தேன். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று எழுதிக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. முதல் வார்த்தை எழுதினேன். "நான்." பெரிதாக, அழகாக வந்தது. அடுத்த வார்த்தைக்கு இ போட்டேன். உனக்குத் தெரியும், இ எனக்கு எப்போதும் சண்டித்தனம் செய்யும். ஒரு தடவை சரியாக வரவில்லை. அவள் திருத்தமாக எழுதினால்தான் படிப்பாள் என்று நினைத்து மறுபடி போட்டேன். அப்புறம் ங். மேலே புள்ளி வைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன்.

வேறு யாராவது எழுதியிருந்தால் அதற்குள் முடித்திருப்பார்கள். ஒரு வார்த்தைதானே. ஐந்து வயதுப் பிள்ளைகூட மளமளவென்று எழுதிவிடும். நான் மெதுவாக எழுதுகிறவன், சுருட்டை.

மெஷின்களெல்லாம் ஹோட்டலுக்குப் போய்விட்டதாக முதலாளியம்மா சொன்னார். சறுக்குக் கட்டையை நீ தேய்த்தாயாம், ஒரு பக்கம் மஞ்சள் தெரிகிறதாம். தெரியட்டும், யாரும் படுத்துப் பார்க்கப் போவதில்லை. நான் வேலைக்கு எப்போது வருவேன் என்று கேட்டார். இங்கே மகளுக்குக் கொஞ்ச நாள் ஆள் வேண்டும். பேத்தியின் தொட்டில் கயிறு இப்போது என் கையில் இருக்கிறது. எனக்குக் காது கேட்கும், ஆனாலும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தாளை மகள் எடுத்து வைத்திருக்கிறாள். நேற்று கொண்டுவந்து நீட்டி, "பாதியிலேயே நிக்குதேப்பா, முழுசா எழுதிடுங்க" என்றாள். பென்சிலையும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்து பார்த்தேன். மிச்ச எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும். கே தெரியும். தா தெரியும்.

திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கண்ணில் கண்ணாடி போட்டுக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் நில். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் சிநேகிதன்